பொலோன்யாவில் தங்கி, தினம் ஒரு ஊர்

இத்தாலிக்கு முதல்முறை போகிறவர்கள் பலரும் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊருக்கு மூன்று ஓட்டல் போட்டுக்கொண்டு, பெட்டியை இழுத்தபடியே அலைகிறார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் வேறு வழி சொல்கிறேன். பொலோன்யாவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். பெட்டியை அங்கே இறக்கி வையுங்கள். காலையில் கைப்பையோடு ரயிலேறி ஓர் ஊரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து அதே கட்டிலில் படுங்கள். கூட வருபவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

நான் போனது அக்டோபரில், அம்மாவோடும் சித்தியோடும். அம்மா அரியலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்த சைவம், முட்டைகூட இல்லை. முழங்கால் வலி உண்டு. சித்தி வங்கியில் வேலை பார்த்தவர். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நடக்கச் சளைக்காதவர், வந்த இடத்தில் எதையும் விட்டுவைக்க மாட்டார். இந்த இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கும்படி ஒரு திட்டம் போட வேண்டும். நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்பவள். கட்டம் போட்டு எழுதுவது எனக்குப் பிடித்த காரியம். விசாவுக்கு விண்ணப்பித்த அன்றே இதற்கென்று ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

சரி, ஏன் பொலோன்யா? கி.மு. 187-ல் மார்க்குஸ் எமிலியுஸ் லெப்பிதுஸ் என்ற ரோமானியக் கான்சல் (ஆட்சித் தலைவர்), அட்ரியாட்டிக் கரையிலுள்ள ரிமினியிலிருந்து வடமேற்கே பியாச்சென்சா வரை ஒரு சாலை போட்டார். சமவெளியில் ஏறக்குறைய நேர்க்கோடாக ஓடும் சாலை. வியா எமிலியா என்று பெயர். அந்த மாநிலத்துக்கு எமிலியா-ரொமான்யா என்ற பெயர் வந்ததே அதிலிருந்துதான். ரிமினி, ஃபோர்லி, ஃபாயென்சா, இமோலா, பொலோன்யா, மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா, பியாச்சென்சா என்று ஊர்கள் எல்லாம் அந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. பிற்பாடு வந்த ரயில் பாதையும் அதையொட்டியே போகிறது. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி எல்லாம் ஒரே தடத்தில் வருவதுபோல வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொன்றும் தனக்கென்று பேர் உள்ள ஊர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய கதை, எல்லாம் ஒரே லைன். பொலோன்யா அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஃபெராராவும் ராவென்னாவும் அந்தக் கோட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் பொலோன்யாவிலிருந்து நேர் ரயில் உண்டு.

மோதெனாவுக்கு அரை மணிக்குள். ஃபெராராவுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி. பார்மாவுக்கு ஒரு மணி நேரம். ராவென்னாவுக்கு ஒன்றேகால் மணி. இதில் எதற்கும் அதிவேக ரயில் தேவையில்லை. ரெஜியோனாலே என்று சொல்லும் சாதாரண ரயிலே போதும். அதிவேக ரயிலுக்கு முன்கூட்டி வாங்கினால் ஒரு விலை, கடைசி நேரத்தில் வாங்கினால் ஒரு விலை. ரெஜியோனாலேயில் தூரத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். இரண்டு மாதம் முன்பு வாங்கினாலும் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கினாலும் மாறாது. இருக்கை எண்ணும் கிடையாது. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அங்கே போனால்தான் தெரியும். காலையில் எழுந்ததும் அம்மாவுக்குக் கால் வலித்தால், "சரிம்மா, அடுத்த வண்டியில் போகலாம்" என்று சொல்லிவிடலாம். எதுவும் வீணாகாது.

ஒரே ஒரு விதியை மறக்கக் கூடாது. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன்பு பிளாட்ஃபாரப் பக்கம் இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம், அபராதம் உண்டு. போனில் வாங்கினால் ஏறும் முன்பு அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும்.

பொலோன்யா ஸ்டேஷனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பெரியது, பல அடுக்கு கொண்டது. அதிவேக ரயில்கள் பூமிக்கடியில் 16 முதல் 19 வரையுள்ள பிளாட்ஃபாரங்களில் வருகின்றன. மேலிருந்து அங்கே இறங்கிப் போகவே நேரம் பிடிக்கும். சாதாரண ரயில்களில் சில, மேற்கு, கிழக்கு என்று ஓரமாக ஒதுங்கியிருக்கும் பிளாட்ஃபாரங்களிலிருந்து புறப்படும். பலகையில் "1" என்று இருப்பதும் "1 ஓவெஸ்த்" என்று இருப்பதும் ஒன்றல்ல. ஓவெஸ்த் என்றால் மேற்கு. முதலாம் பிளாட்ஃபாரத்தின் கோடிக்கு நடந்து அதையும் தாண்டிப் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களோடு போனால் ரயில் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் அங்கே இருங்கள்.

ஸ்டேஷனின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10.25-ல் நிற்கும். 1980 ஆகஸ்ட் 2-ம் தேதி காலை அந்த நேரத்தில், இரண்டாம் வகுப்புப் பயணிகள் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அந்த அறை இன்றும் காத்திருப்பு அறைதான். சுவரில் பிளந்த இடத்தை அப்படியே விட்டுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்ப் பலகை. விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பங்கள். தினமும் அந்த வழியாகத்தான் ரயிலேறப் போனோம். சித்தி ஒரு காலை அந்தப் பெயர்களையும் எதிரே இருந்த வயதுகளையும் ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்வரை நகரவில்லை. நாங்களும் கூடவே நின்றோம்.

வீடு தேடும்போது அழகான சதுக்கம், ஜன்னல் காட்சி என்று பார்க்காதீர்கள். ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்று மட்டும் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவிலுள்ள பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்துக்குப் போகும் இந்திபெந்தென்சா தெருவில் இரு பக்கமும் தூண் வரிசை வைத்த கூரை நடைபாதை. பொலோன்யாவின் இப்படிப்பட்ட நடைபாதைகளை 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மழை பெய்தாலும் குடை விரிக்காமல் ரயிலடிக்குப் போய்விடலாம். அக்டோபரில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது.

இனி நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். வாரத்தில் எந்த நாள் எது மூடியிருக்கும், மதியம் எது பூட்டும், ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவுக்கு எவ்வளவு நடை, சாயங்காலம் திரும்ப எந்தெந்த ரயில். இந்த நான்கையும் எழுதினால் பாதித் திட்டம் தானாகவே உருவாகிவிடுகிறது. இத்தாலியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஆனால் ராவென்னாவின் மொசைக் தேவாலயங்கள் திங்களன்றும் திறந்திருக்கும். ஆகவே ராவென்னா திங்கட்கிழமை. மோதெனாவில் சந்தை காலையில்தான் களைகட்டும், ஞாயிறு விடுமுறை. ஆகவே மோதெனா சனிக்கிழமை காலை. சிறிய ஊர்த் தேவாலயங்கள் பலவும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பூட்டி மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் உட்கார்வதற்கும் கொடுத்துவிட வேண்டும். அதோடு மல்லுக்கட்டக் கூடாது.

சித்திக்கு இதில் ஒரு மனத்தாங்கல். "மோதெனாவும் பார்மாவும் ஒரே லைன்ல தானேடி இருக்கு? மத்தியானம் வரை ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னு பாத்துட்டா ஒரு நாள் மிச்சமாகுமே" என்றார். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் ஊரை விட்டு இரண்டாவது ஊரில் இறங்கும்போது சரியாக எல்லாம் பூட்டியிருக்கும். திறக்கும்போது நம் கால் ஓய்ந்திருக்கும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஓர் ஊரின் முகம் சாயங்காலம்தான் தெரியும். ஐந்து மணிக்கு மேல் ஊர்க்காரர்கள் எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு, குழந்தைகளையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் மேலும் கீழுமாக நடக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியாவிட்டால் அந்த ஊருக்குப் போனதில் பாதிதான் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரே ஊர் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ராவென்னாவுக்கு முழு நாள் கொடுங்கள். ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றாலும் ராவென்னாவுக்கே போங்கள். கி.பி. 402-ல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம் இங்கே வந்தது. சுற்றிச் சதுப்பு நிலம், அருகில் கடல், எதிரி எளிதில் நெருங்க முடியாது. பேரரசு விழுந்த பிறகு கோத்திய மன்னர் தியோடெரிக்கின் தலைநகரம். 540-ல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்த, கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் படை பிடித்தது. இந்த மூன்று ஆட்சியும் தேவாலயச் சுவர்களில் கண்ணாடித் துண்டுகளால் ஆன படங்களை விட்டுப் போயிருக்கின்றன. இங்குள்ள எட்டுக் கட்டடங்கள் 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

திட்டமிடுவதற்கு வேண்டியது இது. சான் வித்தாலே, கல்லா பிளாசிதியா நினைவு மண்டபம், சந்தப்பொல்லினாரே நுவோவோ, நியோனிய ஞானஸ்நான மண்டபம், பேராயர் அருங்காட்சியகம் இவற்றுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும். கல்லா பிளாசிதியாவுக்கும் ஞானஸ்நான மண்டபத்துக்கும் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லா பிளாசிதியாவுக்குள் ஐந்து நிமிடம்தான் இருக்க விடுவார்கள். அது மிகச் சிறிய இடம், மூச்சுக்காற்றின் ஈரம்கூடப் படத்தைப் பாதிக்கும். ஆகவே முதலில் சான் வித்தாலேயைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, அதே வளாகத்திலுள்ள கல்லா பிளாசிதியாவுக்குள் போகும்படி நேரம் குறித்தேன். உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பலகை. தேன் நிறத்தில்தான் வெளிச்சம் வரும். கண் பழகப் பழக மேலே கருநீல வானமும் பொன் நட்சத்திரங்களும் எழும். ஐந்து நிமிடத்தில் முதல் நிமிடம் இருட்டுக்கே போய்விடும் என்பதால், அம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்: உள்ளே நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணுங்கள், அப்புறம் தலையைத் தூக்குங்கள். அப்படியே செய்தார். வெளியே வந்து நெடுநேரம் பேசவில்லை.

சான் வித்தாலே 547-ல் அர்ப்பணிக்கப்பட்டது. பீடத்தின் இரு பக்கமும் எதிரெதிரே ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் பரிவாரங்களோடு நிற்கிறார்கள். கண்ணாடித் துண்டுகளைச் சமதளமாகப் பதிக்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நாம் ஓரடி நகர்ந்தால் வெளிச்சமும் நகரும். போட்டோவில் இது வரவே வராது. படம் எடுப்பதை விட்டுவிட்டு இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மெதுவாக நடந்து பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சந்தப்பொல்லினாரே நுவோவோ. தியோடெரிக் தன் அரண்மனையோடு சேர்த்துக் கட்டிய தேவாலயம். சுவரில் அந்த அரண்மனையின் படம் இருக்கிறது. தூண்களுக்கு நடுவே முன்பு ஆட்கள் நின்றார்கள். மன்னரும் அவர் சபையும் என்று சொல்கிறார்கள். ஜஸ்டினியன் தரப்பு வந்ததும் அந்த உருவங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் பட்டிருந்த கைகளை எடுக்கவில்லை. இன்றும் ஆளில்லாத கைகள் தூண்களில் தெரிகின்றன. தெரியாமல் போனால் கவனிக்கவே மாட்டோம். நீங்கள் போனால் தூண்களைப் பாருங்கள்.

மதியம் தாந்தேயின் கல்லறை. ஃபுளோரன்ஸிலிருந்து துரத்தப்பட்ட கவிஞர் 1321-ல் இங்கே இறந்தார். ஃபுளோரன்ஸ் பிறகு எலும்புகளையாவது கொடுங்கள் என்று கேட்டும் ராவென்னா கொடுக்கவில்லை. துறவிகள் ஒளித்து வைத்துவிட்டார்கள், 1865-ல்தான் மறுபடி கிடைத்தன. கல்லறைக்குள் தொங்கும் விளக்குக்கு வருடாவருடம் செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் எண்ணெய் கொடுக்கிறது. "துரத்தினவங்க எண்ணெய் ஊத்துறாங்க" என்றார் அம்மா. கவிஞர்களின் கதை அவருக்குப் புதிதல்ல.

கால் தாங்கினால் சாயங்காலம் கிளாஸ்ஸேக்குப் போங்கள். ரிமினிப் பக்கம் போகும் ரயிலில் அடுத்த ஸ்டேஷன். ஒரு காலத்தில் ரோமானியக் கடற்படையின் துறைமுகம். இப்போது கடல் பின்வாங்கி எங்கேயோ போய்விட்டது, வயல் நடுவே தேவாலயம் மட்டும் நிற்கிறது. 549-ல் அர்ப்பணிக்கப்பட்டது. பீடத்துக்கு மேலே பச்சைப் புல்வெளி, வெள்ளை ஆடுகள், மரங்கள். இதற்குத் தனி டிக்கெட். கூட்டம் குறைவு, உட்காரப் பெஞ்சு உண்டு. அம்மா அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஃபெராரா அதற்கு நேர்மாறு. அங்கே பார்க்க வேண்டியது ஒரு பொருள் என்பதைவிட ஊரின் நடையே. 1385-ல் ஊரை ஆண்ட எஸ்தே குடும்பம் கட்டத் தொடங்கிய செங்கல் கோட்டை ஊர் நடுவே நிற்கிறது, சுற்றிலும் இன்றும் நீர் நிறைந்த அகழி. ஊரைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் மதில், அதன்மேல் புல்லும் மரமும். எல்லாரும் சைக்கிளில்தான் போகிறார்கள், எழுபது வயதுப் பாட்டிகள் உட்பட. சித்தி வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றப் போய்விட்டார். நானும் அம்மாவும் வைரங்களின் அரண்மனை வரை மெதுவாக நடந்தோம். கூம்பாகச் செதுக்கிய ஏறக்குறைய 8,500 கற்களை வெளிச்சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். வெயில் சாயும்போது பாருங்கள், நிழல் விழுந்தால்தான் கூம்புகள் எழுந்து நிற்கும். முழங்கால் வலிக்காரரும் நடக்கச் சளைக்காதவரும் ஒரே நாளில் அவரவருக்கு வேண்டியதைப் பெற்ற ஊர் இதுதான். நிலம் முழுக்கச் சமம்.

மோதெனாவுக்கு அரைநாள் போதும் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதீட்ரல் 1099-ல் தொடங்கியது. முகப்பில் வில்லிஜெல்மோ என்ற சிற்பி ஆதாம் ஏவாள் கதையைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்.  பிறகு அல்பினெல்லி சந்தை. அப்புறம் பால்சமிக் வினிகர். திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வைத்த மரப் பீப்பாய்களில் ஊற வைக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கடைசிச் சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்ததை அதற்கு முந்தைய பீப்பாயிலிருந்து நிரப்புகிறார்கள். குறைந்தது 12 வருடம், உயர்ந்த ரகம் 25 வருடம். வீட்டின் உச்சியில், கூரைக்கு அடியிலுள்ள அறையில்தான் வைப்பார்கள்; கோடை வெப்பமும் குளிர்காலக் குளிரும் மாறி மாறி அதற்கு வேண்டும். பார்க்க வேண்டுமானால் முன்பே எழுதிக் கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், திடீரென்று போய் நின்றால் நடக்காது. மாடிப்படி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு கரண்டி நுனியில் கொடுத்தார்கள். இனிப்பும் புளிப்பும் சேர்ந்து கெட்டியாக நாக்கில் நின்றது.

பார்மாவுக்குப் போனது ஒரு கூரையைப் பார்க்க. கதீட்ரலின் கும்பத்துக்குள் கொர்ரெஜ்ஜோ 1520-களில் வரைந்த ஓவியம். மேகத்துக்குள் மேகமாக ஆட்கள் சுழன்று மேலே போகிறார்கள். பக்கத்திலேயே இளஞ்சிவப்புக் கல்லில் எண்கோண ஞானஸ்நான மண்டபம். அன்று மழை, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் திட்டம் முடியாது. பொலோன்யாவைக் கொழுத்த ஊர் என்றே அழைக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பேர்போன இடம், ஆனால் அந்தப் பேர் பெரும்பாலும் மாமிசத்தால் வந்தது. சைவக்காரர்களுக்குத் தெரிய வேண்டியவை சில. சிறிய தொர்தெல்லீனியில் எப்போதும் பன்றிக்கறி இருக்கும். பெரிய தொர்தெல்லோனியில் வழக்கமாக ரிக்கோத்தா பாலாடையும் கீரையும். ஃபெராராவில் பூசணி வைத்த கப்பெல்லாச்சி நன்றாக இருக்கும், ஆனால் கறிக் குழம்போடா, வெண்ணெயோடா என்று கேட்டு வாங்குங்கள். ஃபெராராவின் முறுக்கிய ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள். பியாதினா என்ற தட்டை ரொட்டியிலும் பல கடைகளில் அப்படித்தான், ஆலிவ் எண்ணெயில் செய்வதும் கிடைக்கும். "சென்சா ஸ்த்ருத்தோ" என்று கேளுங்கள், கொழுப்பு இல்லாமல் என்று பொருள். பார்மா சீஸை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். இதை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் அதைத் தொடவில்லை. பூசணிப் பூரணத்திலும் அந்தச் சீஸ் இருக்கும் என்பதால் அதையும் விட்டுவிட்டார். முடிவு அவருடையது, தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் ஓட்டல் வேண்டாம், சமையலறை உள்ள வீடு வேண்டும் என்கிறேன். போ நதியின் கழிமுகத்தில், ஃபெராராவுக்குக் கிழக்கே நெல் விளைகிறது. கடையில் கிடைக்கும் அந்த அரிசி குட்டையாக, குழைவாக வேகும். தயிர்சாதத்துக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. காலையில் அம்மா கிளறிக் கொடுத்ததை டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். ஊரிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய் கூட. எல்லாம் பூட்டியிருக்கும் மதிய நேரத்தில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தி மட்டும் மீன் கிடைக்கும் இடம் தேடிப் போய்விட்டு வருவார்.

இன்னொன்று, ஷோப்பெரோ. ரயில் வேலைநிறுத்தம் இத்தாலியில் புதிதல்ல, ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கிளம்பும் வாரத்தில் தேடிப் பாருங்கள். வேலை நாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை சாதாரண ரயில்கள் ஓட வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. தைரியசாலிகள் அதை நம்பிப் போய்வரலாம். நான் அந்த நாளைப் பொலோன்யாவுக்கென்றே வைத்துவிட்டேன். சான் பெத்ரோனியோ தேவாலயத் தரையில் வானியலாளர் காஸ்ஸினி 1655-ல் பதித்த 66 மீட்டருக்கு மேல் நீளமான நடுப்பகல் கோடு இருக்கிறது. கூரைத் துளை வழியே விழும் சூரிய வட்டம், அந்த ஊரின் உச்சிப்பொழுதில் கோட்டைக் கடக்கும். கடிகாரப் பன்னிரண்டு மணிக்கு வராது. அக்டோபரில் கோடை நேரம் நடப்பில் இருப்பதால் ஒரு மணி வாக்கில்தான் வரும். வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். சான் லூக்கா குன்றுக்கு ஏறும் 666 வளைவுகள் கொண்ட நடைபாதையில் சித்தி முழுக்க நடந்தார். அம்மாவும் நானும் சதுக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டியில் ஏறினோம்.

ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் நாற்பது நிமிடம்கூட ஆகாதே, ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். போகலாம். ஆனால் அது ஒரு நாளில் அடங்கும் ஊர் அல்ல. வரிசையில் நிற்பதிலேயே மதியமாகிவிடும். வெனிஸுக்கும் அதேதான். அவற்றுக்குத் தனியாக ஒருமுறை போய்த் தங்குங்கள்.

கடைசியாக, அம்மா கேட்ட ஊர், மாந்தோவா. நான் திட்டத்தைக் காட்டியபோது ராவென்னா, பொலோன்யா என்ற பெயர்களைப் பார்த்ததுமே, "வீரமாமுனிவர் படிச்ச இடமாச்சே" என்றார். கான்ஸ்டன்சோ ஜூசெப்பே பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1698-ல் இயேசு சபையில் சேர்ந்து, இந்த இரண்டு ஊரிலும் பயிற்சி பெற்று, 1710-ல் கோவா வந்து, அடுத்த வருடம் மதுரைக்கு வந்தவர். அம்மா வேலை பார்த்த பள்ளியிலிருந்து ஏலாக்குறிச்சி பக்கம்தான். அங்கே பெஸ்கி எழுப்பிய அடைக்கல மாதா கோயிலுக்கு அம்மா பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறார். பெஸ்கி பள்ளிப்படிப்பு படித்தது மாந்தோவாவில். பொலோன்யாவிலிருந்து வழக்கமாக மோதெனாவில் இறங்கி மாற வேண்டும். மாறுவதற்கான இடைவெளியைப் பொறுத்து ஒன்றரை மணியோ இரண்டு மணியோ ஆகும். ஆகவே அதைக் கடைசி நாட்களில், எல்லாருக்கும் ரயில் பழகிய பிறகு வைத்தேன். மூன்று பக்கம் ஏரி சூழ்ந்த ஊர். ஊரை ஆண்ட கோன்சாகா குடும்பத்தின் அரண்மனையில் ஓவியர் மாந்தேஞ்ஞா 1474-ல் வரைந்து முடித்த அறை இருக்கிறது. கூரை நடுவே வானம் திறந்ததுபோல வரைந்து, அதன் விளிம்பிலிருந்து குழந்தைகளும் ஒரு மயிலும் நம்மை எட்டிப் பார்க்கும்படி செய்திருக்கிறார். அம்மாவுக்கு அதைவிட ஊரின் தெருக்கள்தான் முக்கியம். "இந்தத் தெருவுல நடந்திருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முழங்கால் வலியைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

பெஸ்கி பிறந்த காஸ்திலியோனே தெல்லெ ஸ்திவியேரே மாந்தோவாவிலிருந்து இன்னும் வடக்கே, பஸ்ஸில் போக வேண்டிய ஊர். பொலோன்யாவிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புவது பெரியவர்களுக்கு ஆகாது என்று அதை விட்டுவிட்டோம். அங்கே போக நினைப்பவர்கள் மாந்தோவாவில் ஒரு இரவு தங்குங்கள். 1859-ல் பக்கத்திலுள்ள சோல்ஃபெரீனோ போரில் காயம்பட்டவர்களை இந்த ஊர்ப் பெண்கள்தான் எந்தப் படை என்று பார்க்காமல் கவனித்தார்கள். அதைக் கண்ட ஹென்றி டூனான்ட்டின் முயற்சியில்தான் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. அதற்கான அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. மாந்தோவாவிலிருந்து போகும் பஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் குறையும். வேலை நாளாகப் பார்த்து, திரும்பும் பஸ் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.